கோலைட்டிஸோடு பித்தக் குழாய் நோயும் வந்தால்: அரசு ஆஸ்பத்திரியா, மெடிக்கல் எய்டா, சென்னையா?

அல்சரேட்டிவ் கோலைட்டிஸுக்கு, அதாவது பெருங்குடல் அழற்சியால் புண்ணாகும் நோய்க்கு, வருஷக்கணக்காக மாத்திரை சாப்பிடுகிறவர். குடல் அமைதியாகத்தான் இருக்கிறது. வழக்கமான ரத்தப் பரிசோதனையில் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற எண் மட்டும் ஏறி நிற்கிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் பி.எஸ்.சி. என்கிறார். முழுப் பெயர் ப்ரைமரி ஸ்க்ளீரோசிங் கொலாஞ்சைட்டிஸ். கல்லீரலிலிருந்து பித்தத்தை இறக்கும் குழாய்கள் அழற்சியால் தழும்பேறி, அங்கங்கே சுருங்கிப்போகும் நோய் இது. அன்றைக்கே வீட்டில் பேச்சு கிளம்பிவிடுகிறது: இனி எங்கே காட்டுவது?

இதை என்னிடம் கேட்டவர்களில் இரண்டு பேரின் நிலைமையை வைத்துக்கொண்டு பார்ப்போம். ஒருவர் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் அக்கா. 52 வயதுக் கணவருக்கு நோய். மாதத் தவணை கட்டிச் சேரும் தனியார் மருத்துவத் திட்டமான மெடிக்கல் எய்டில் அவர்கள் என்றுமே இருந்ததில்லை. இப்போது சேரலாமா என்று கேட்கிறார். இன்னொருவர் தமிழ்நாட்டிலிருந்து ஜோகன்னஸ்பர்க் பக்கத்து மிட்ராண்டுக்கு ஐ.டி. வேலைக்கு வந்த 38 வயதுத் தம்பி. கம்பெனி மூலமாக மெடிக்கல் எய்டில் சேரப்போகிறார். ஆனால் சென்னையில் இருக்கும் அம்மாவோ, "இங்கேயே வந்து காட்டிட்டுப் போப்பா" என்று தினமும் போனில் சொல்கிறார். இருவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது.

## முடிவெடுக்கத் தேவையான அளவுக்கு நோயைப் பற்றி

கோலைட்டிஸ் உள்ள நூறு பேரில் சுமார் ஐந்து பேருக்கு இந்தக் குழாய் நோய் வருகிறது. மறுபக்கமாகப் பார்த்தால், மேலை நாட்டுக் கணக்குப்படி பி.எஸ்.சி. உள்ள பத்துப் பேரில் ஏழு பேருக்குக் குடல் நோயும் உண்டு. ஆண்களுக்குக் கூடுதல், பெரும்பாலும் நாற்பது வயதை ஒட்டித் தெரியவரும். பாதிப் பேருக்கு ஆரம்பத்தில் எந்தத் தொந்தரவும் இருக்காது. அரிப்பு, அசதி, வலது விலாவுக்குக் கீழே வலி, மஞ்சள் காமாலை எல்லாம் பிற்பாடு வருபவை.

குடலும் குழாயும் தனித்தனிப் பாதையில் போகும் என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். குடல் அடங்கியிருக்கும்போதே குழாய் சுருங்கும். பெருங்குடலை முழுக்க எடுத்த பிறகு பி.எஸ்.சி. வந்தவர்களும் உண்டு. ஆகவே "குடலை எடுத்துவிட்டால் கல்லீரல் பிழைக்குமா?" என்ற கேள்விக்குப் பதில், இல்லை. குடலை எடுப்பதற்கு வேறு காரணங்கள் இருக்கலாம், இதற்காக எடுப்பதில்லை.

மருந்து விஷயம் இன்னும் கசப்பு. நோயின் போக்கை மாற்றும் என்று நிரூபிக்கப்பட்ட மாத்திரை ஒன்றுகூட இதுவரை இல்லை. உர்சோடியாக்சிகோலிக் அமிலத்தை, அதாவது எல்லோரும் உர்சோ என்று சொல்வதை, நடுத்தர அளவில் கொடுத்தால் ரத்த எண்கள் இறங்கும். ஆயுள் கூடுவதாகக் காட்ட முடியவில்லை. அதையே ஒரு கிலோ எடைக்கு 28 முதல் 30 மில்லிகிராம் வரை ஏற்றிப் பார்த்த ஆய்வில், மருந்து சாப்பிட்டவர்கள்தான் மோசமானார்கள். அந்த முடிவு வெளிவந்தது 2009-இல். யாராவது "டோஸைக் கூட்டிப் பார்க்கலாம்" என்றால் இதை நினைவில் வையுங்கள்.

நெதர்லாந்தில் மக்கள்தொகை அளவில் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், நோய் தெரிந்த நாளிலிருந்து மரணமோ கல்லீரல் மாற்றோ வரும்வரையான காலத்தின் நடுமதிப்பு 21 வருஷத்துக்குச் சற்று மேல். பெரிய மாற்று மையங்களுக்கு வருகிறவர்களை மட்டும் எண்ணினால் அது 13 வருஷமாகக் குறைந்தது. அங்கே போகிறவர்கள் ஏற்கெனவே மோசமானவர்கள். இணையத்தில் படித்துப் பயந்துபோகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது கணக்கைத்தான் பார்த்திருப்பார்கள்.

மருந்து இல்லை, ஆனால் இருபது வருஷம் ஓடுகிற நோய். அப்படியென்றால் நீங்கள் தேர்ந்தெடுக்கப்போவது இருபது வருஷம் விடாமல் கண்காணிக்கிற ஒரு ஏற்பாட்டை. முதல் மாதம் எவ்வளவு வேகமாகப் படுக்கை கிடைத்தது என்பது கணக்கில் கடைசியில் வர வேண்டியது.

இன்னொன்று. எந்த இடத்தைத் தேர்ந்தாலும், இது உண்மையிலேயே பி.எஸ்.சி.தானா என்று ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். ஐ.ஜி.ஜி.4 என்ற ரத்தச் சோதனை உண்டு. அது சார்ந்த குழாய் நோய், ஸ்கேனில் இதைப் போலவே தெரியும்; ஆனால் ஸ்டீராய்டுக்கு நன்றாகக் கேட்கும். நம் நாட்டில் எச்.ஐ.வி. சோதனையும் கட்டாயம் சேரும். எதிர்ப்புச் சக்தி மிகவும் இறங்கியவர்களுக்கு வரும் குழாய் அழற்சியும் இதே படத்தைக் காட்டும். கூச்சப்பட இதில் ஒன்றும் இல்லை.

## எதை வைத்து எடை போடுவது

வருஷா வருஷம் ஸ்கோப். சாதாரண கோலைட்டிஸில் புற்றுநோய்க்கான கொலோனோஸ்கோபி, அதாவது பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது, சுமார் எட்டு வருஷம் கழித்துத்தான் தொடங்கும். பி.எஸ்.சி. சேர்ந்துவிட்டால் அது தெரிந்த நாளிலிருந்தே, ஆண்டுக்கு ஒருமுறை. கோலைட்டிஸ் மட்டும் உள்ளவரைவிட இவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் நாலைந்து மடங்கு. இதில் ஒரு வஞ்சகம் வேறு: பி.எஸ்.சி.யோடு வரும் கோலைட்டிஸ் குடல் முழுக்கப் பரவியிருந்தாலும் ரத்தப்போக்கு, வயிற்றுப்போக்கு எல்லாம் குறைவாகவே காட்டும். "எனக்குத்தான் ஒன்றும் இல்லையே" என்று ஸ்கோப்பைத் தள்ளிப்போடுவது இவர்கள்தான்.

வருஷா வருஷம் எம்.ஆர்.சி.பி. இது உடம்புக்குள் எதையும் விடாமல் பித்தக் குழாய்களைப் படம் பிடிக்கும் எம்.ஆர்.ஐ. வாழ்நாளில் பித்தக் குழாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 10 முதல் 20 சதவீதம் என்று சொல்லப்படுகிறது. அதில் கணிசமான பங்கு நோய் தெரிந்த முதல் வருஷத்திலேயே பிடிபடுகிறது. பித்தப்பையில் வளரும் சதையையும் இதே படத்தில் பார்த்துவிடலாம். அது 8 மில்லிமீட்டரைத் தொட்டால் பையை எடுத்துவிடச் சொல்வார்கள்.

காய்ச்சல் வந்த ராத்திரி. நடுக்கத்தோடு காய்ச்சல், கண் மஞ்சள், வலது பக்க வலி மூன்றும் சேர்ந்தால் குழாயில் கிருமித் தொற்று என்று பொருள். சில மணி நேரத்துக்குள் நரம்பு வழி ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும். எந்த வாசலுக்கு ஓடுவது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

கைதேர்ந்த இ.ஆர்.சி.பி. வாய் வழியாகக் குழாயை விட்டு, பித்த நாளத்தின் சுருக்கத்தை பலூனால் விரிப்பது. நோயைக் கண்டுபிடிக்க இதை இப்போது செய்வதில்லை. கணைய அழற்சி வரலாம், கிருமி ஏறலாம். தேவைப்படும்போது மட்டும், முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் கொடுத்து, இதை நிறையச் செய்து பழகிய கையால் நடக்க வேண்டும்.

கல்லீரல் மாற்றுக்கான வழி, அப்புறம் பணம். பணத்தை இந்த மாதச் செலவாகப் பார்க்காமல் நீண்ட காலத்துக்குப் போட்டுப் பாருங்கள்.

## அரசு ஆஸ்பத்திரி

டர்பன்வாசிகளுக்கு வழி இப்படிப் போகும்: முதலில் கிளினிக், அடுத்து சாட்ஸ்வொர்த்தின் ஆர்.கே. கான் அல்லது ஃபீனிக்ஸின் மகாத்மா காந்தி மாதிரியான ஆஸ்பத்திரி, அங்கிருந்து ரெஃபரல் கடிதத்தோடு கேட்டோ மேனரில் உள்ள இன்கோசி ஆல்பர்ட் லுதுலி மத்திய மருத்துவமனை. கடைசியாகச் சொன்னதில் நேராகப் போய் நிற்க முடியாது, அனுப்பினால்தான் உள்ளே.

கட்டணம் வருமானத்தைப் பொறுத்தது. முதியோர் உதவித்தொகை, ஊனமுற்றோர் உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு இலவசம். மெடிக்கல் எய்ட் வைத்திருப்பவர் அங்கே போனால் பில் மெடிக்கல் எய்டுக்குப் போகும்.

எடையில் இதன் பலம், உள்ளே நுழைந்துவிட்டால் குடல், கல்லீரல், அறுவை, கதிரியக்கம் எல்லாப் பிரிவும் ஒரே கூரையின் கீழ் இருப்பதுதான். பி.எஸ்.சி. அபூர்வ நோய். ஒரு தனியார் டாக்டர் தன் வாழ்நாளில் சிலரைத்தான் பார்த்திருப்பார். மத்திய மருத்துவமனைக்கு ஒரு மாகாணமே வந்து சேர்கிறது. கடினமான இ.ஆர்.சி.பி. என்றால் தனியார் நோயாளியாக இருந்தாலும் நான் முதலில் கேட்பது, "இதை அதிகமாகச் செய்பவர் யார், எங்கே?" என்பதைத்தான்.

பலவீனம் வரிசை. எம்.ஆர்.ஐ.க்கும் ஸ்கோப்புக்கும் தேதி மாதக்கணக்கில் தள்ளும். அந்தத் தேதி தவறினால் அடுத்தது இன்னும் தள்ளும். ஒவ்வொரு முறை பார்க்கிற டாக்டரும் மாறலாம். வெளியே தெரியாத செலவு, இழக்கிற நாட்கள்தான். நாள்கூலிக்காரருக்கோ சொந்தமாகக் கடை வைத்திருப்பவருக்கோ விடியற்காலையிலிருந்து மத்தியானம் வரை வரிசையில் நிற்பது ஒரு நாள் சம்பளம். கோலைட்டிஸ் மோசமானால் தேவைப்படும், அழற்சியை அடக்கும் விலை உயர்ந்த பயலாஜிக் ஊசிகள் அரசுத் தரப்பில் கிடைப்பதும் சுலபமில்லை.

சட்டம் எதுவரை கைகொடுக்கும் என்றும் தெரிந்துகொள்வது நல்லது. அரசியலமைப்பின் 27ஆம் பிரிவு, அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்கிறது. காய்ச்சல் வந்த ராத்திரிக்கு அது உங்கள் பக்கம். ஆனால் நாள்பட்ட சிகிச்சைக்கு அது நீளாது. டர்பனைச் சேர்ந்த தியாகராஜ் சூப்ரமணி, சிறுநீரக டயாலிசிஸ் கேட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனார். வளம் குறைவாக இருக்கும்போது யாருக்குக் கொடுப்பது என்பதை ஆஸ்பத்திரி தீர்மானிக்கலாம், தொடர்ந்து தேவைப்படும் டயாலிசிஸ் அவசர சிகிச்சை ஆகாது என்று 1997 நவம்பரில் தீர்ப்பு வந்தது. கண்காணிப்பு ஸ்கேன் தாமதமானால் சட்டத்தைக் காட்டிச் சண்டை போடுவதைவிட, அடுத்த தேதியைக் கையில் வாங்காமல் வாசலைத் தாண்டுவதில்லை என்ற பிடிவாதம் உதவும். எம்.ஆர்.சி.பி. தள்ளிப்போனால் இடையில் ஒரு அல்ட்ராசவுண்டாவது எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

## மெடிக்கல் எய்ட்

இங்கேதான் ஜனங்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

1998-ஆம் வருஷத்து மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டப்படி, எல்லோருக்கும் திறந்த திட்டம் எதுவும் உங்களை நோயாளி என்பதற்காக மறுக்க முடியாது. சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் மூன்று விஷயங்களை உங்கள் தலையில் வைக்கலாம்.

முதலாவது, பொதுக் காத்திருப்பு மூன்று மாதம். இரண்டாவது, ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பன்னிரண்டு மாதம் வரை காத்திருப்பு. முன்பு எந்தத் திட்டத்திலும் இல்லாதவருக்கும், விட்டு 90 நாளுக்கு மேல் ஆனவருக்கும் இந்தக் காலத்தில் பி.எம்.பி. என்று சொல்லப்படும் கட்டாயக் குறைந்தபட்சப் பலன்கள்கூடக் கிடைக்காது. மூன்றாவது, தாமதமாகச் சேர்ந்த தண்டம். 35 வயதுக்குப் பிறகு முதல்முறை சேருகிறவரின் தவணையில் அது ஆயுள் முழுக்க ஏறி நிற்கும். கணக்கு சுலபம்: வயதிலிருந்து 35-ஐயும், முன்பு திட்டத்தில் இருந்த வருஷங்களையும் கழியுங்கள். மிச்சம் 1 முதல் 4 என்றால் 5 சதவீதம்; 5 முதல் 14 என்றால் 25; 15 முதல் 24 என்றால் 50; அதற்கு மேல் 75.

சாட்ஸ்வொர்த் அக்காவின் கணவருக்கு 52. மிச்சம் 17. தவணை ஒன்றரை மடங்கு, சாகும்வரை. அதோடு முதல் வருஷம் இந்த நோய்க்கு ஒன்றும் கிடைக்காது. மிட்ராண்ட் தம்பிக்கு மிச்சம் 3, தண்டம் 5 சதவீதம்தான். நிறுவனம் வழியாகச் சேரும்போது சில திட்டங்கள் காத்திருப்பையும் தளர்த்துவது உண்டு. வாய்வார்த்தையை நம்பாமல் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சரி, உள்ளே போயாயிற்று. என்ன கிடைக்கும்? நாள்பட்ட நோய்ப் பட்டியலில் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் படுக்கும் செலவை மட்டும் முக்கியமாக ஏற்கும் மலிவான ஹாஸ்பிடல் பிளானாக இருந்தாலும் அதற்கான அடிப்படை மருந்தும் பரிசோதனையும் திட்டம் கொடுத்தாக வேண்டும். பி.எஸ்.சி. தன் பெயரில் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே எந்த நோய்க் குறியீட்டின் கீழ் பில் போகிறது என்பதில்தான் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது. வருடாந்தர ஸ்கோப்புக்கான கடிதத்தில் கோலைட்டிஸின் கே51 குறியீடு இருந்தால் அது பட்டியல் நோயின் கண்காணிப்பு. வெறும் "வயிற்று வலி" என்று எழுதினால் அதே ஸ்கோப்பின் செலவு, திட்டத்துக்குள் உங்கள் தவணையிலிருந்தே ஒதுக்கிய சேமிப்புக் கணக்கிலிருந்து போகும். எம்.ஆர்.சி.பி.க்கு முன் அனுமதி எண் வாங்க வேண்டும். உர்சோவை நாள்பட்ட மருந்தாக ஒப்புக்கொள்ள டாக்டரின் கடிதம் கேட்பார்கள். முதல் தடவை மறுத்தால் அங்கேயே விட்டுவிடாதீர்கள், எழுதிக் கேளுங்கள். அதற்கும் மேலே, இந்தத் திட்டங்களை மேற்பார்வையிடும் கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸில் முறையிடலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

வெளியே தெரியாத செலவுகள் இங்கே நிறைய. ஸ்கோப்பை ஆஸ்பத்திரியில் படுத்துச் செய்தால் முன்பணம் கட்ட வேண்டும். டாக்டரின் அறையிலோ டே கிளினிக்கிலோ செய்தால் பல திட்டங்களில் அது குறையும் அல்லது இருக்காது. ஸ்பெஷலிஸ்டின் பில் திட்டத்தின் விகிதத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கலாம். அந்த இடைவெளியை நிரப்பத்தான் கேப் கவர். அதற்கும் தனிக் காத்திருப்பு உண்டு. திட்டம் குறித்துக் கொடுத்த ஆஸ்பத்திரியை விட்டு வேறிடம் போனால் கட்டாயப் பலனிலும் ஒரு பங்கை நீங்கள் கட்ட வேண்டும். பயலாஜிக் ஊசிகள் பல திட்டங்களில் மேல்தட்டு பிளானில் மட்டும்தான்.

இன்னொரு கண்ணி உண்டு. மாலில் மேசை போட்டு விற்கும் "ஹெல்த் இன்ஷூரன்ஸ்", நாளுக்கு இவ்வளவு ரேண்ட் என்று கொடுக்கும் ஹாஸ்பிடல் கேஷ் பிளான் இவையெல்லாம் மெடிக்கல் எய்ட் ஆகாது. இந்தச் சட்டத்தின் பாதுகாப்பும் கட்டாயப் பலன்களும் அவற்றுக்குப் பொருந்தாது. ஏற்கெனவே உள்ள நோயென்று சொல்லிக் கைவிரிக்கவும் அவற்றால் முடியும். தவணை குறைவாக இருப்பதன் காரணம் அதுதான்.

இவ்வளவும் சொன்ன பிறகும், 35 வயதை ஒட்டியவருக்கும் வேலையில் இருப்பவருக்கும் இதுதான் என் முதல் சிபாரிசு. ஒரே டாக்டர், ஒரே கோப்பு, தேதி தவறாத ஸ்கோப். இந்த நோய்க்கு மிகவும் வேண்டியது அந்த ஒழுங்குதான்.

## பாதிக்குப் பாதி

மெடிக்கல் எய்டே இல்லாமல், அரசு ஆஸ்பத்திரியில் பதிவை வைத்துக்கொண்டு, வருஷத்துக்கு ஒருமுறை எம்.ஆர்.சி.பி.யையோ ஸ்கோப்பையோ மட்டும் சொந்தக் காசில் தனியாரில் எடுப்பது. டர்பனில் பல குடும்பங்கள் சத்தமில்லாமல் செய்வது இதுதான். கையில் காசு கொடுத்தால் தள்ளுபடி உண்டா என்று தயங்காமல் கேளுங்கள், பல இடங்களில் உண்டு. படத்தை சி.டி.யில் வாங்கி அரசு டாக்டரிடம் கொடுத்துவிடலாம்.

ஓட்டை எங்கே என்றால், படத்தில் சந்தேகமாக ஏதாவது தெரிந்துவிட்டால் அடுத்த படியான இ.ஆர்.சி.பி.யும், குழாயின் செல்களைச் சுரண்டியெடுத்துப் பார்க்கும் பிரஷ் சோதனையும் ஒரே தடவையில் சேமிப்பைத் துடைத்துவிடும். ஆகவே அரசுப் பதிவை எக்காரணம் கொண்டும் காலாவதியாக விடக் கூடாது.

## சென்னை

நம்மவர்களுக்கு இதில் பாதி மருத்துவம், பாதி பாசம். பாசத்தை எடை போட முடியாது, மருத்துவத்தைப் போடலாம்.

சென்னையிலும் வேலூரிலும் கல்லீரல் மருத்துவம் உயர்ந்த தரத்தில் இருக்கிறது. குரோம்பேட்டை ரேலா, கிரீம்ஸ் சாலை அப்போலோ, வேலூர் சி.எம்.சி. என்று பெயர்கள் எல்லோருக்கும் தெரியும். எம்.ஆர்.சி.பி., ஸ்கோப், ஐ.ஜி.ஜி.4, கல்லீரல் விறைப்பு அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எல்லாவற்றையும் ஒரு வாரத்துக்குள் முடித்துக்கொண்டு திரும்பலாம். தமிழிலேயே கேட்டுத் தெளியலாம். நோய் உறுதியாகத் தெரியாமல் குழம்புகிறவருக்கு, இரண்டாவது கருத்துக்காக, ஒருமுறை போய்வருவது நல்ல செலவு.

வருஷா வருஷம் அதையே கண்காணிப்பாக வைத்துக்கொள்வதுதான் சிக்கல். டர்பனிலிருந்து நேர் விமானம் கிடையாது. டிக்கெட் இரண்டு பேருக்கு. தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட் என்றால் மருத்துவ விசா. இ-மெடிக்கல் விசா 60 நாள், மூன்று நுழைவு. கூட வருகிற இரண்டு பேருக்கும் தனி விசா கிடைக்கும். ஒரு வருஷம் காசில்லை என்று பயணத்தைத் தள்ளிப்போட்டால் ஸ்கோப்பும் தள்ளிப்போகும். காய்ச்சல் வந்த ராத்திரிக்குச் சென்னை எட்டாது. இங்கே உங்கள் கோப்பே இல்லாத ஒரு வாசலில்தான் போய் நிற்பீர்கள்.

கல்லீரல் மாற்று என்று வரும்போது கணக்கு மாறும். தென்னாப்பிரிக்காவில் பெரியவர்களுக்கு இது ஜோகன்னஸ்பர்க்கிலும் கேப் டவுனிலும்தான் நடக்கிறது. டர்பனில் இல்லை. டர்பன்காரர் ஜோகன்னஸ்பர்க் போனால் சுமார் 570 கிலோமீட்டர். அறுவைக்குப் பிறகு வாரக்கணக்கில் பக்கத்திலேயே தங்க வேண்டும். இறந்தவர் உறுப்பு தானம் இங்கே மிகக் குறைவு. உயிருள்ளவர் தன் கல்லீரலில் ஒரு பகுதியைத் தருவது இங்கே பெரும்பாலும் குழந்தைகளுக்காகத்தான் நடக்கிறது. தமிழ்நாட்டில் பெரியவர்களுக்கும் அது வழக்கமாகவே நடக்கும் அறுவை.

ஆனால் 1994-ஆம் வருஷத்து இந்திய உறுப்பு மாற்றுச் சட்டம் வெளிநாட்டவருக்குக் கடுமையானது. இறந்தவர் உறுப்பு முதலில் இந்தியருக்கு. ஏற்க இந்தியர் யாரும் இல்லாவிட்டால்தான் வெளிநாட்டவருக்கு. உயிருள்ள தானி என்றால் நெருங்கிய உறவாக இருக்க வேண்டும். ஆவணங்களோடு அனுமதிக் குழு முன்னால் நிற்க வேண்டும். ஐந்து தலைமுறைக்கு முன் மதராஸிலிருந்து கப்பலேறிய குடும்பம் என்பதெல்லாம் அந்தக் குழுவுக்குக் கணக்கில்லை, நீங்கள் வெளிநாட்டவர். மிட்ராண்ட் தம்பியோ இந்தியக் குடிமகன். அவருடைய நிலையே வேறு.

மாற்றுக்குப் பிறகு ஐந்து பேரில் ஒருவருக்காவது புதுக் கல்லீரலிலும் இந்த நோய் திரும்ப வருகிறது. எதிர்ப்பை அடக்கும் மாத்திரை ஆயுள் முழுக்க. அதனால் சென்னையில் செய்துகொள்வதாக இருந்தாலும், திரும்பி வந்தபின் பார்த்துக்கொள்ள ஒரு தென்னாப்பிரிக்கக் கல்லீரல் பிரிவு எழுத்தில் சம்மதித்திருக்க வேண்டும். அது இல்லாமல் விமானம் ஏறாதீர்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | அரசு | மெடிக்கல் எய்ட் | பாதிக்குப் பாதி | சென்னை |
|---|---|---|---|---|
| வருடாந்தர ஸ்கோப் | நடக்கும், தேதி தள்ளும் | குறியீடு சரியாக இருந்தால் ஒழுங்காக | கையிருப்பைப் பொறுத்து | பயணத்தைப் பொறுத்து |
| எம்.ஆர்.சி.பி. | நீண்ட வரிசை | முன் அனுமதியோடு | சொந்தக் காசில் சீக்கிரம் | உடனே |
| காய்ச்சல் ராத்திரி | உரிமை உண்டு | எந்த ஆஸ்பத்திரியும் | அரசு வாசல் | உதவாது |
| கடினமான இ.ஆர்.சி.பி. | மத்திய மருத்துவமனையில் பலம் | டாக்டரைப் பொறுத்து | அரசு | பலம் |
| கல்லீரல் மாற்று | ஜோகன்னஸ்பர்க் அல்லது கேப் டவுன் | அதே இரண்டு ஊர் | அரசு வழியே | நெருங்கிய உறவினர் தானி இருந்தால் |
| மறைந்த செலவு | இழந்த வேலை நாட்கள் | தண்டம், முன்பணம், இடைவெளி பில் | திடீர்ப் பெருஞ்செலவு | டிக்கெட், தங்குமிடம், துணை ஆள் |

சாட்ஸ்வொர்த் குடும்பத்துக்கு என் கருத்து: அரசுப் பதிவே அடித்தளம். மெடிக்கல் எய்டுக்கு ஒன்றரை மடங்குத் தவணை கட்டுவதற்குப் பதில், அந்தப் பணத்தை மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டு, வரிசை தள்ளும் வருஷங்களில் தனியாரில் எம்.ஆர்.சி.பி. எடுக்கலாம். இரண்டு பேருக்கும் நிலையான வருமானம் இருந்து, முதல் வருஷத்தைத் தாக்குப்பிடிக்க முடிந்தால் மட்டும் ஹாஸ்பிடல் பிளானை யோசிக்கலாம். கோலைட்டிஸ் அடிக்கடி கிளம்பி, பயலாஜிக் தேவைப்படும் நிலை என்றால் கணக்கு மறுபடி மாறும். அப்போது மேல்தட்டு பிளானின் தவணைகூட ஊசியின் விலைக்கு முன்னால் சின்னதாகிவிடும்.

மிட்ராண்ட் தம்பி நிறுவனத்தின் மெடிக்கல் எய்டை இறுகப் பிடித்துக்கொள்ளட்டும். ஊருக்குப் போகும் ஏதாவது ஒரு விடுமுறையில் சென்னையில் இரண்டாவது கருத்து வாங்கினால் அம்மாவுக்கும் நிம்மதி. அப்படியே இந்தியாவில் ஒரு மருத்துவக் காப்பீடும் எடுத்து வைக்கலாம். நோயை மறைக்காமல் எழுதிக் கொடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு அங்கே இப்போது அதிகபட்சம் 36 மாதம். வேலை போய் ஊர் திரும்ப நேர்ந்தால் அது கைகொடுக்கும்.

வேறு சில நிலைமைகள். மஞ்சள் காமாலை வந்து, எடை குறைந்து, சுருக்கம் ஒரே இடத்தில் இறுகிவிட்டது என்றால் இந்த ஒப்பீட்டையெல்லாம் தள்ளி வையுங்கள், கைதேர்ந்த இ.ஆர்.சி.பி. எங்கே சீக்கிரம் கிடைக்கிறதோ அங்கே போக வேண்டிய நேரம் அது. அறுபதைத் தாண்டி, உதவித்தொகை வாங்குகிறவருக்கு அரசு ஆஸ்பத்திரிதான். அதிலே யோசிக்க எதுவும் இல்லை. என்.எச்.ஐ. என்ற தேசிய சுகாதாரக் காப்பீட்டுச் சட்டத்தில் 2024 மே மாதம் கையெழுத்தாகிவிட்டதே, காத்திருந்தால் என்ன என்று கேட்கிறவர்களும் உண்டு. குழாய் அதற்காகக் காத்திருக்காது.

## எந்த வழியில் போனாலும்

கீழாநெல்லியைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. இந்தக் காமாலை குழாய் அடைப்பால் வருவது; எந்தச் சாறும் தழும்பைக் கரைக்காது. ஏற்கெனவே தடுமாறும் கல்லீரலில் என்ன கலந்திருக்கிறதென்று தெரியாத பொடியைக் கொட்டவும் வேண்டாம்.

அரிப்புக்குக் கொலெஸ்டிரமின் தூள் கொடுத்தால், மற்ற மாத்திரைகளுக்கும் அதற்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். சேர்த்துக் குடித்தால் அவற்றையும் பிடித்துக்கொண்டு போய்விடும். எலும்பு அடர்த்தியும் வைட்டமின் டி-யும் அவ்வப்போது பார்க்கப்பட வேண்டும். இதை அரசிலும் தனியாரிலும் பெரும்பாலும் நீங்கள்தான் நினைவுபடுத்த வேண்டியிருக்கும்.

தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர்கள் விரதத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். சைவச் சாப்பாடு தடையில்லை. மாத்திரையை நிறுத்துவதுதான் தடை. அலகு குத்துவது வேறு விஷயம். பித்தம் சரியாக இறங்காவிட்டால் வைட்டமின் கே குறையும், ரத்தம் உறைவது தாமதமாகும். ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். சோதனையும் பிளேட்லெட் எண்ணிக்கையும் பார்த்து டாக்டர் சொன்ன பிறகு முடிவெடுங்கள். பால்குடம் எடுத்தாலும் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஒரு ஏற்பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது இருபது வருஷத்தில் நிச்சயம் நடக்கும். வேலை மாறும், ஊர் மாறும். மாறும்போது கையில் இருக்க வேண்டியவை: முதல் எம்.ஆர்.சி.பி.யின் படமே, அறிக்கை மட்டும் போதாது. ஒவ்வொரு ஸ்கோப்பின் அறிக்கையும் சதைச் சோதனை முடிவும். அல்கலைன் பாஸ்பட்டேஸும், காமாலையின் அளவைக் காட்டும் பிலிருபினும் தேதிவாரியாக எழுதிய ஒரு தாள். பழைய மெடிக்கல் எய்டின் உறுப்பினர் சான்றிதழ். அந்தச் சான்றிதழில் உள்ள வருஷங்கள்தான் புதுத் திட்டத்தில் தண்டத்தைக் குறைக்கும். பழைய திட்டம் முடிந்து 90 நாளுக்குள் புதியதில் விண்ணப்பித்துவிட்டால் கட்டாயப் பலன்கள் அறுபடாது. 91ஆவது நாள் விண்ணப்பித்தால் முதலிலிருந்து பன்னிரண்டு மாதம்.